பாக்கெட் நெட்வொர்க்கில் கடிகார ஒத்திசைவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொலைபேசிப் பேச்சு, அரங்க ஒலி, ஐபி வழி டிவி, செல்போன் கோபுரங்களுக்குப் போகும் இணைப்பு எல்லாம் ஈதர்நெட்டுக்கு மாறிவிட்டன. மாறிய இடத்திலெல்லாம் ஒரே மாதிரிச் சந்தேகங்கள் எழுகின்றன. மணி சரியாகத்தானே காட்டுகிறது, ஒலி ஏன் உடைகிறது? வந்த பாக்கெட்டுகளைச் சற்று நேரம் சேர்த்துவைக்கும் பஃபரைக் கூட்டினால் தீர்ந்துவிடாதா? நெட்வொர்க் வழியே மணியைச் சரிசெய்யும் என்.டி.பி. இருக்கும்போது, அதே வேலையை இன்னும் துல்லியமாகச் செய்யும் பி.டி.பி. எதற்கு? நெட்வொர்க் அடிப்படை தெரிந்தவர்களுக்காக எழுதிய பதில்கள் இவை.

ஃபைல் அனுப்பும்போது யாரும் கடிகாரத்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. ஒலிக்கும் டிவிக்கும் மட்டும் ஏன்?

ஃபைல் நடுவில் இரண்டு விநாடி நின்று வந்தாலும் அதே ஃபைல்தான். ஒலி அப்படி இல்லை. மைக் பக்கத்துக் கருவி ஒலியை விநாடிக்கு 48,000 முறை அளந்து எண்ணாக மாற்றுகிறது. ஒவ்வோர் எண்ணும் ஒரு சாம்பிள். ஸ்பீக்கர் பக்கத்துக் கருவி அதே வேகத்தில் அவற்றைத் திரும்ப ஒலியாக்க வேண்டும். அந்தப் பக்கம் அதன் கடிகாரத்தைப் பார்த்து எண்ணுகிறது, இந்தப் பக்கம் இதன் கடிகாரத்தைப் பார்த்து எண்ணுகிறது. நெட்வொர்க் எண்களை மட்டும்தான் கொண்டுவந்து சேர்க்கும். எந்த வேகத்தில் எண்ணினார்கள் என்ற செய்தி வழியிலேயே தொலைந்துபோகிறது.

இரண்டு கருவியிலும் 48 கிலோஹெர்ட்ஸ் என்றுதான் அமைத்திருக்கிறேன். பிறகு எப்படி வேறுபடும்?

48 கிலோஹெர்ட்ஸ் என்பது திரையில் இருப்பது. உள்ளே ஓடுவது ஒரு குவார்ட்ஸ் படிகம். சாதாரணப் படிகங்கள் சொன்ன வேகத்திலிருந்து பத்து லட்சத்தில் 20 முதல் 100 பங்கு வரை முன்பின்னாக ஓடும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்பதைத் தொழிலில் ஒரு பிபிஎம் என்பார்கள். ஈதர்நெட் தரமே 100 பிபிஎம் வரை விலகலை அனுமதிக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அனுப்பும் படிகம் 30 பிபிஎம் வேகமாகவும் வாங்கும் படிகம் 20 பிபிஎம் மெதுவாகவும் ஓடினால் இடைவெளி 50 பிபிஎம். விநாடிக்கு 2.4 சாம்பிள் மிஞ்சும். ஒரு மணி நேரத்தில் 180 மில்லி விநாடி ஒலி, ஒரு நாளில் 4.32 விநாடி. கைக்கடிகாரத்தில் இந்தப் பிழை இருந்தால் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். நேரலை ஒலியில் அந்த 4.32 விநாடியை எங்கேயாவது வைத்தாக வேண்டும், அல்லது வீசியாக வேண்டும்.

போதாக்குறைக்கு இந்த விலகல் நிலையாகவும் இருக்காது. வெப்பம் மாறினால் படிகத்தின் வேகம் மாறும். காலையில் ஏசி போட்டதும் ஒரு வேகம், மதியம் கருவி சூடானதும் வேறு வேகம். அதனால் ஒருமுறை அளந்து திருத்திவிட்டு மறந்துவிட முடியாது.

பழைய தொலைபேசி நெட்வொர்க்கில் இந்தப் பிரச்சினை இருக்கவில்லையா?

இருந்தது, ஆனால் கம்பியே அதைத் தீர்த்துவைத்தது. அலுவலகங்களுக்கு வந்த, ஒரே கம்பியில் பல அழைப்புகள் போகும் பி.ஆர்.ஐ. லைனை எடுத்துக்கொள்வோம். உள்ளே இருப்பது விநாடிக்கு 20,48,000 பிட் ஓடும் ஈ1 இணைப்பு. பேச்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிட்கள் இடைவிடாமல் ஓடிக்கொண்டே இருக்கும். வாங்கும் கருவி அந்த ஓட்டத்திலிருந்தே கடிகாரத்தை மீட்டெடுத்துக்கொள்ளும். எக்ஸ்சேஞ்சுகள் தங்களுக்கு மேலே உள்ள எக்ஸ்சேஞ்சிலிருந்து கடிகாரத்தை வாங்கும். உச்சியில் சீசியம் அணுக் கடிகாரம் இருக்கும்.

உச்சியிலுள்ள கடிகாரத்துக்கான துல்லிய வரம்பு 10,000 கோடியில் ஒரு பங்கு. இப்படி இரண்டு நாடுகள் தனித்தனிக் கடிகாரம் வைத்து, ஒன்று முந்தி ஒன்று பிந்தி வரம்பின் விளிம்பிலேயே ஓடினாலும், 125 மைக்ரோ விநாடி அளவுள்ள ஒரு ஃபிரேம் (ஈ1 பிட்களின் ஒரு தொகுதி) நழுவ ஏறத்தாழ 72 நாள் ஆகும். அதே இணைப்பை 50 பிபிஎம் இடைவெளியில் ஓட்டினால் 2.5 விநாடிக்கு ஒன்று நழுவும். பேச்சில் அது சிறு டிக் சத்தமாகப் போய்விடும். ஃபேக்ஸ் தாங்காது. அலுவலகத்துக்குள் இருக்கும் சிறிய எக்ஸ்சேஞ்சான பி.பி.எக்ஸ்., வெளி லைனிலிருந்து கடிகாரம் எடுக்காமல் தன் சொந்தக் கடிகாரத்திலேயே ஓடும்படி அமைத்துவிட்டு, "பேச்சு சரியாக வருகிறது, ஃபேக்ஸ் மட்டும் போகவில்லை" என்று தேடிக்கொண்டிருந்த கதை அந்தத் தொழிலில் பலருக்கும் தெரியும்.

ஈதர்நெட் கம்பியிலும் பிட்கள்தானே ஓடுகின்றன? அதிலிருந்து கடிகாரத்தை எடுக்க முடியாதா?

எடுக்க முடியும், எடுக்கவும் செய்கிறார்கள். கிகாபிட் இணைப்பில் பாக்கெட் இல்லாத நேரத்திலும் சிக்னல் ஓடுகிறது. ஆனால் சாதாரண சுவிட்ச், பாக்கெட்டை உள்ளே வாங்கி, வைத்திருந்து, தன் சொந்தப் படிகத்தின் வேகத்தில் அடுத்த கம்பியில் தள்ளும். நீங்கள் கம்பியிலிருந்து மீட்பது பக்கத்து சுவிட்சின் வேகம். அனுப்புபவருக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

இதைச் சரிசெய்ய வந்ததுதான் சிங்க்-ஈ எனப்படும் ஒத்திசைந்த ஈதர்நெட். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐ.டி.யூ. இதற்கு ஜி.8261, ஜி.8262, ஜி.8264 என்ற தரங்களை வகுத்திருக்கிறது. ஒவ்வொரு சுவிட்சும் உள்ளே வரும் கம்பியிலிருந்து வேகத்தை எடுத்து, வெளியே போகும் கம்பியை அதே வேகத்தில் ஓட்ட வேண்டும். பாக்கெட் நெரிசல் இதைத் துளியும் பாதிக்காது, அது இதன் பெரிய பலம். பலவீனங்கள் இரண்டு. வழியில் சிங்க்-ஈ தெரியாத ஒரே ஒரு சுவிட்ச் இருந்தால் சங்கிலி அறுந்துவிடும். அப்புறம், இது வேகத்தை மட்டுமே தரும். மணி என்ன என்று சொல்லாது.

வேகம், மணி என்று பிரித்துப் பேசுகிறீர்களே. இரண்டும் ஒன்றில்லையா?

இல்லை. இந்தத் துறையில் வரும் குழப்பத்தில் பாதி இங்கேதான் பிறக்கிறது. இரண்டு கடிகாரங்கள் ஒரே வேகத்தில் ஓடி, ஒன்று எப்போதும் ஏழு நிமிடம் முந்தியே இருக்கலாம். தொலைபேசிப் பேச்சுக்கு அது போதும். சாம்பிள் மிஞ்சவும் செய்யாது, குறையவும் செய்யாது. மாறாக, ஒரே காட்சியை எடுக்கும் நான்கு கேமராக்களும் ஒரே கணத்தில் ஃபிரேம் எடுக்க வேண்டும் என்றால் மணியும் ஒத்துப்போக வேண்டும். எந்தத் தீர்வைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் கேட்க வேண்டியது: எனக்கு வேகம் போதுமா, மணியும் வேண்டுமா?

கணினியில் என்.டி.பி. ஓடுகிறது, மணி மில்லி விநாடித் துல்லியத்தில் இருக்கிறது. ஆனாலும் சவுண்ட் கார்டில் ஒலி நழுவுகிறதே?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். என்.டி.பி. திருத்துவது ஆபரேட்டிங் சிஸ்டம் வைத்திருக்கும் மணியை. அது மென்பொருளில் உள்ள ஒரு கணக்கு. சவுண்ட் கார்டு தன் பலகையில் உள்ள வேறொரு படிகத்தில் ஓடுகிறது. என்.டி.பி. அதைத் தொடுவதே இல்லை. மணி எவ்வளவு சரியாக இருந்தாலும் அந்தப் படிகம் 30 பிபிஎம் வேகமாக ஓடினால் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

இதிலேயே இன்னொரு கண்ணி இருக்கிறது. சிஸ்டம் மணியைப் பார்த்து பாக்கெட் அனுப்பும் இடைவெளியை அளக்கும் நிரல், என்.டி.பி. மணியைத் திடீரென்று நகர்த்தும்போது தடுமாறும். இடைவெளி அளக்க, பின்னோக்கிப் போகாத மோனோடோனிக் கடிகாரத்தைத்தான் பயன்படுத்த வேண்டும்.

வாங்கும் பக்கத்தில் பஃபரைப் பெரிதாக வைத்தால் தீராதா?

பஃபரை மொட்டை மாடித் தண்ணீர் டேங்காக நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் விட்டுவிட்டு ஓடினாலும் கீழே குழாயில் தண்ணீர் சீராக வரும், டேங்க் அதற்குத்தான். ஆனால் சராசரியாக ஏறுவதைவிட இறங்குவது கொஞ்சம் அதிகம் என்றால், எவ்வளவு பெரிய டேங்கும் ஒருநாள் காலியாகும். விட்டுவிட்டு வருவது ஜிட்டர், அதை பஃபர் தாங்கும். வேக வேறுபாட்டை பஃபரால் தள்ளிப்போடத்தான் முடியும்.

60 மில்லி விநாடி பஃபர், பாதி நிறைந்த நிலையில் தொடங்குகிறது என்று வைப்போம். 50 பிபிஎம் இடைவெளியில் பத்து நிமிடத்தில் நிரம்பி வழியும் அல்லது காலியாகும். பஃபரைப் பத்து மடங்காக்கினால் நூறு நிமிடம் கிடைக்கும். ஆனால் ஒலி 300 மில்லி விநாடி தாமதமாக வரும். இருவழிப் பேச்சுக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருப்பது நல்லது என்பது ஐ.டி.யூ. ஜி.114 சொல்லும் அளவு. மேடையில் நின்று பாடுபவரின் காதில் வரும் மானிட்டர் ஒலிக்கு அதில் பத்தில் ஒரு பங்கே அதிகம். பதிவுசெய்த படம் பார்ப்பவருக்கு மட்டும் பெரிய பஃபரால் நட்டமில்லை, படம் முடிந்ததும் கணக்கும் முடிந்துவிடுகிறது.

பஃபர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்தே அனுப்புபவரின் வேகத்தைக் கண்டுபிடிக்கலாமே?

கண்டுபிடிக்கலாம். அதற்கு அடாப்டிவ் முறை என்று பெயர். பஃபர் மட்டம் மெல்ல ஏறிக்கொண்டே போனால் நம் கடிகாரத்தைக் கொஞ்சம் வேகப்படுத்த வேண்டும், இறங்கினால் மெதுவாக்க வேண்டும். நெட்வொர்க்கிடமிருந்து எந்த உதவியும் தேவையில்லை.

சிக்கல் என்னவென்றால், பஃபர் மட்டம் இரண்டு காரணங்களால் ஆடும்: கடிகாரத்தாலும், நெட்வொர்க் நெரிசலாலும். நெரிசலால் வரும் ஆட்டம் பல மடங்கு பெரியது. உங்கள் பாக்கெட் சுவிட்சின் வாசலுக்கு வரும்போது, 1,500 பைட் கொண்ட வேறொரு பாக்கெட் அப்போதுதான் வெளியேறத் தொடங்கியிருந்தால், கிகாபிட் இணைப்பில் 12 மைக்ரோ விநாடியும், 100 மெகாபிட் இணைப்பில் 123 மைக்ரோ விநாடியும் காத்திருக்க வேண்டும். முன்னுரிமை கொடுத்திருந்தாலும் இந்தக் காத்திருப்பு தவிர்க்க முடியாதது, பாதி வெளியேறிய பாக்கெட்டைச் சாதாரண சுவிட்ச் பிடித்து நிறுத்தாது. நெரிசல் நேரத்தில் வரிசையே சேர்ந்துவிட்டால் மில்லி விநாடிக் கணக்கு.

இதை எதிர்கொள்ள நல்ல கருவிகள் ஒரு தந்திரம் செய்கின்றன. எல்லாப் பாக்கெட்டுகளையும் சராசரி எடுக்காமல், ஒவ்வொரு கால இடைவெளியிலும் மிகக் குறைந்த தாமதத்தில் வந்த பாக்கெட்டுகளை மட்டும் பொறுக்கி எடுக்கின்றன. அவை எந்த வரிசையிலும் காத்திருக்காமல் வந்தவை, அதனால் அவற்றின் தாமதம் ஏறக்குறைய மாறாமல் இருக்கும். அதிலும் எல்லை உண்டு. ஒவ்வொரு அளவீட்டிலும் ஒரு மில்லி விநாடி நிச்சயமின்மை இருக்கும் நெட்வொர்க்கில் 0.05 பிபிஎம் துல்லியத்துக்கு வேகத்தை அளக்க 20,000 விநாடி, அதாவது ஐந்தரை மணி நேரத்துக்கு மேல், பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவ்வளவு நேரத்துக்கு வாங்கும் பக்கப் படிகம் தானாக ஆடாமல் இருக்க வேண்டுமே! மலிவான படிகத்தில் அது நடக்காது. அதனால்தான் அடாப்டிவ் முறையில் ஓடும் தொலைத்தொடர்புக் கருவிகளில், படிகத்தை ஒரே வெப்பத்தில் வைத்திருக்கும் அடுப்புப் பெட்டியோடு கூடிய விலையுயர்ந்த ஆசிலேட்டர் (கடிகாரத் துடிப்பைத் தரும் பகுதி) இருக்கிறது. நிச்சயமின்மை 10 மைக்ரோ விநாடியாகக் குறைந்தால் அதே அளவீடு 200 விநாடியில் முடிந்துவிடும்.

வேகம் தெரிந்துவிட்டது. அடுத்து என்ன செய்ய வேண்டும்?

வன்பொருள் இடம்கொடுத்தால் ஆசிலேட்டரையே இழுத்து வேகத்தை மாற்றலாம். ஒலித் தரத்துக்கு அதுதான் நல்லது. கணினியிலோ போனிலோ அது பெரும்பாலும் முடியாது, அங்கே ரீசாம்பிளிங்: வந்த 48,000 சாம்பிளை 48,002 ஆகவோ 47,998 ஆகவோ கணக்கிட்டு மாற்றிக்கொள்வது. மூன்றாவது, அவ்வப்போது ஒரு துண்டை விடுவது அல்லது இரட்டிப்பது. இசையில் அது காதில் அடிக்கும். பேச்சில் மௌன இடங்களில் செய்தால் தெரியாது. உலாவி வழி அழைப்புகளுக்கான வெப்ஆர்டிசியில் நெட்ஈக்யூ என்ற பகுதி ஒலியை நுணுக்கமாக நீட்டியும் சுருக்கியும் இதைத்தான் செய்கிறது. அதனால்தான் வீடியோ அழைப்பில் நாம் யாரும் கடிகாரத்தைப் பற்றி யோசிப்பதில்லை.

நேரலை ஒலியையும் படத்தையும் சுமக்கும் ஆர்.டி.பி. பாக்கெட்டில் டைம்ஸ்டாம்ப் இருக்கிறதே, அது போதாதா?

அந்த எண் அனுப்புபவரின் சாம்பிள் எண்ணிக்கை. 48 கிலோஹெர்ட்ஸில் 20 மில்லி விநாடிப் பாக்கெட் என்றால் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் சரியாக 960 கூடும். அவருடைய படிகம் வேகமாக ஓடினாலும் 960தான், மெதுவாக ஓடினாலும் 960தான். பாக்கெட்டுகளை வரிசைப்படுத்தவும், நடுவில் எவ்வளவு காணோம் என்று அறியவும் அது உதவும். வேகத்தைச் சொல்லாது.

வேகத்தைச் சொல்லக்கூடியது கூடவே வரும் ஆர்.டி.சி.பி. அறிக்கை. அதில் ஒரு ஜோடி இருக்கும்: அனுப்புபவரின் மணிப்படி இந்த நேரம், அந்த நேரத்தில் சாம்பிள் எண்ணிக்கை இவ்வளவு. இரண்டு அறிக்கைகளுக்கு இடையே மணி 100 விநாடி நகர்ந்து, எண்ணிக்கை 48,00,144 கூடியிருந்தால், அவருடைய ஒலிக் கடிகாரம் அவருடைய மணியைவிட 30 பிபிஎம் வேகம். அவருடைய மணி நம்பகமான மூலத்திலிருந்து வந்தால் இந்தத் தகவல் தங்கம். இல்லையென்றால் அவர் வீட்டுக் கடிகாரங்கள் இரண்டையும் ஒப்பிட்டதோடு சரி.

ஒலியையும் படத்தையும் ஒட்டவைப்பதும் இதே ஜோடியை வைத்துத்தான். இரண்டுக்கும் தனித்தனி எண்ணிக்கை, வீடியோவுக்கு வழக்கமாக 90 கிலோஹெர்ட்ஸ். இரண்டையும் பொதுவான மணிக்கு மாற்றினால்தான் உதடும் குரலும் சேரும். ஐ.டி.யூ. அளவுப்படி ஒலி படத்தை 45 மில்லி விநாடி முந்தினாலே பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார். பிந்தினால் 125 வரை அவருக்குத் தெரியாது.

ஐபி வழி டிவியில் வரும் பி.சி.ஆர். என்பதும் இதுதானா?

நோக்கம் அதே. டிவி சேனல்களைச் சுமக்கும் எம்பெக் டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீமில் என்கோடர் தன் 27 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தின் எண்ணிக்கையை, பி.சி.ஆர். என்ற பெயரில், அதிகபட்சம் 100 மில்லி விநாடிக்கு ஒருமுறை நடுவில் சொருகி அனுப்பும். செட்டாப் பாக்ஸ் அதைப் பார்த்துத் தன் கடிகாரத்தை இழுத்துப் பிடிக்கும். செயற்கைக்கோளிலும் கேபிளிலும் பிட்கள் சீராக வந்ததால் இது அழகாக வேலை செய்தது. ஐபியில் அதே பி.சி.ஆர். ஜிட்டரோடு வருகிறது, அதனால் முதலில் பஃபரில் ஜிட்டரைக் களைந்துவிட்டுத்தான் அதை நம்ப வேண்டும்.

என்.டி.பி. எப்படி மணியைக் கண்டுபிடிக்கிறது? பாக்கெட் வரவே நேரம் எடுக்கிறதே?

டெலவேர் பல்கலைக்கழகத்தின் டேவிட் மில்ஸ் உருவாக்கியது என்.டி.பி. அதன் முதல் ஆர்.எஃப்.சி. (இணையத் தர ஆவணம்) 1985இல் வந்தது. அடிப்படை நான்கு நேரக் குறிப்புகள்தான். ஓர் உதாரணம். சர்வர் உண்மையில் 40 மில்லி விநாடி முந்தியிருக்கிறது, ஒருவழிப் பயணம் 15 மில்லி விநாடி.

நம் கணினி 0இல் கேள்வி அனுப்புகிறது. சர்வர் தன் கடிகாரப்படி 55இல் வாங்குகிறது, 60இல் பதில் அனுப்புகிறது. நம் கடிகாரப்படி 35இல் பதில் வருகிறது. போகும்போது வித்தியாசம் 55. வரும்போது 60லிருந்து 35ஐக் கழித்தால் 25. இரண்டின் சராசரி 40. சரியான விடை, பயணத் தாமதம் தானாகவே அடிபட்டுப் போய்விட்டது.

அப்படியானால் தாமதம் எவ்வளவு இருந்தாலும் கவலை இல்லையா?

போகும் தாமதமும் வரும் தாமதமும் சமமாக இருக்கும் வரை. மேலே சொன்ன அதே உதாரணத்தில் போக 10, வர 20 என்று வைத்துப் பாருங்கள். சர்வர் 50இல் வாங்கி 55இல் அனுப்பும், நமக்கு 35இல் வரும். சராசரி, 50க்கும் 20க்கும் நடுவில் 35. விடை 5 மில்லி விநாடி தப்பு. மொத்தச் சுற்றுத் தாமதம் முன்பு போலவே 30. அதனால் நம் பக்கத்தில் எதுவுமே சந்தேகத்துக்கு இடமாகத் தெரியாது.

பிழை எப்போதும் இரு வழித் தாமதங்களின் வித்தியாசத்தில் பாதி. எத்தனை முறை கேட்டாலும், எவ்வளவு கெட்டிக்கார அல்காரிதம் வைத்தாலும், அந்த இரண்டு கருவிகளுக்குள் பேசிக்கொள்வதை மட்டும் வைத்து இதைக் கண்டுபிடிக்க வழியே கிடையாது. வெளியிலிருந்து ஜி.பி.எஸ். போன்ற இன்னொரு சாட்சி வேண்டும். தாமதம் ஆடுவதைச் சராசரியால் குறைக்கலாம், வழி ஒருபக்கமாகச் சாய்ந்திருப்பதை எந்தச் சராசரியும் தொடாது. வாங்கும் திசையில் 100 மெகாபிட்டும் அனுப்பும் திசையில் 5 மெகாபிட்டும் தரும் இணைப்புகளில் இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பி.டி.பி.யும் இதே கணக்குத்தானே? எப்படி ஆயிரம் மடங்கு துல்லியம் வருகிறது?

கணக்கு அதேதான். நேரக் குறிப்பு எங்கே எடுக்கப்படுகிறது என்பதுதான் வித்தியாசம். சாதாரண என்.டி.பி.யில் மென்பொருள் மணியைப் பார்க்கிறது. பார்த்த பிறகு பாக்கெட் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னலுக்குள் வரிசையில் நின்று, கார்டுக்குப் போய், கம்பியில் ஏறுவதற்குள் பல மைக்ரோ விநாடிகள் போய்விடும், அதுவும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு அளவில். ஐ.இ.இ.இ. 1588 என்ற பி.டி.பி. 2002இல் வந்தது, 2008இலும் 2019இலும் திருத்தப்பட்டது. அதில் பாக்கெட் கம்பியில் ஏறும் இடத்திலேயே நெட்வொர்க் கார்டின் வன்பொருள் நேரத்தைக் குறிக்கிறது. ஏறிய நேரம் ஏறிய பிறகுதான் தெரியும் என்பதால், அதைச் சொல்ல ஃபாலோ-அப் என்று இரண்டாவது பாக்கெட் பின்னால் வருவதும் உண்டு.

இரண்டாவது பாதி சுவிட்சில் இருக்கிறது. டிரான்ஸ்பரண்ட் கிளாக் வகை சுவிட்ச், பி.டி.பி. பாக்கெட் தன் வயிற்றுக்குள் எவ்வளவு நேரம் இருந்தது என்று அளந்து பாக்கெட்டிலேயே எழுதிவிடும், வாங்குபவர் அதைக் கழித்துக்கொள்ளலாம். பவுண்டரி கிளாக் வகை சுவிட்ச் மேலிருந்து வாங்கித் தன் கடிகாரத்தைத் திருத்தி, கீழே தானே மூலமாக நின்று புதிதாக அனுப்பும். இரண்டிலும் வரிசையில் நின்ற நேரம் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது. இதையே இன்னும் இறுக்கி, சிங்க்-ஈயையும் நுணுக்கமான கட்ட (ஃபேஸ்) அளவீட்டையும் சேர்த்து, செர்ன் ஆய்வகத்தில் தொடங்கிய வைட் ராபிட் திட்டம் ஒரு நானோ விநாடிக்கும் உள்ளே போகிறது.

பி.டி.பி. தெரியாத சாதாரண சுவிட்சில் ஓட்டலாமா?

ஓடும். சின்ன நெட்வொர்க்கில், நெரிசல் இல்லாதபோது, ஒலிக்குப் போதுமான அளவு நன்றாகவே ஓடும். ஈதர்நெட்டில் ஒலி அனுப்பும் டான்டே அமைப்புகள் பல இடங்களில் அப்படித்தான் ஓடுகின்றன. ஆனால் சுவிட்சில் இரண்டு விஷயத்தைப் பாருங்கள். மின்சாரம் மிச்சம் பிடிக்கும் இ.இ.இ. வசதியை அணையுங்கள். போர்ட் தூங்கி விழிக்கும் நேரம் ஒவ்வொரு முறையும் பாக்கெட்டைத் தாமதப்படுத்தி நேரக் குறிப்பைக் குலைக்கும். அடுத்து முன்னுரிமை: டான்டே தன் கடிகாரப் பாக்கெட்டுகளுக்கு டி.எஸ்.சி.பி. என்ற முன்னுரிமை எண் 56, ஒலிக்கு 46 என்று குறியிடுகிறது. சுவிட்ச் அதைத் தெரிந்துகொண்டு கடிகாரப் பாக்கெட்டை முதலில் விட வேண்டும். டான்டே தன் சொந்த வேலைக்கு பி.டி.பி. முதல் பதிப்பையும், நெட்வொர்க் ஒலிக்கான ஏ.இ.எஸ்.67 தரம் இரண்டாம் பதிப்பையும் பயன்படுத்துகின்றன. இரண்டும் ஒன்றோடொன்று பேசாது, நடுவில் மொழிபெயர்க்கும் கருவி வேண்டும்.

லினக்ஸில் பி.டி.பி.க்கான பி.டி.பி.4.எல். (ptp4l) நிரலை ஓட்டினால் வரும் வரிகளை எப்படிப் படிப்பது?

ஒவ்வொரு வரியிலும் மாஸ்டர் ஆஃப்செட் (மூலக் கடிகாரத்திலிருந்து விலகல்), எஸ்0 அல்லது எஸ்1 அல்லது எஸ்2, ஃப்ரீக்வென்சி, பாத் டிலே (வழித் தாமதம்) என்று வரும். ஆஃப்செட்டும் டிலேயும் நானோ விநாடியில். எஸ்0 என்றால் இன்னும் பிடிக்கவில்லை, எஸ்1 என்றால் ஒரே தாவலில் மணியை நகர்த்துகிறது, எஸ்2 வந்தால் பிடித்துவிட்டது.

எல்லோரும் ஆஃப்செட்டைத்தான் பார்ப்பார்கள். நான் பாத் டிலேயைப் பார்க்கச் சொல்வேன். கம்பியின் நீளம் மாறவில்லை, அதனால் அந்த எண் ஏறக்குறைய அசையாமல் நிற்க வேண்டும். ஒரு வரியில் 900, அடுத்த வரியில் 14,000 என்று குதித்தால், வழியில் எங்கோ பி.டி.பி. தெரியாத சுவிட்சில் பாக்கெட் வரிசையில் நிற்கிறது. ஃப்ரீக்வென்சி எண் பிபிஎம்மில் ஆயிரத்தில் ஒரு பங்கு அலகில் வரும். 12,000 என்று நின்றால் உங்கள் கார்டின் படிகம் 12 பிபிஎம் தள்ளி ஓடுகிறது, அதைத் திருத்திக்கொண்டிருக்கிறது. பகலில் அது மெல்ல நகர்வது வெப்பத்தால், பயப்பட வேண்டாம். முன்பு சொன்ன சாய்வு மட்டும் இந்த வரிகளில் எங்கேயும் தெரியாது. ஆஃப்செட் 20 நானோ விநாடி என்று காட்டிக்கொண்டே உண்மையில் ஒரு மைக்ரோ விநாடி தப்பாக ஓடலாம்.

இது நெட்வொர்க் கார்டின் கடிகாரத்தை மட்டுமே திருத்தும். சிஸ்டம் மணிக்கு அதைக் கொண்டுசெல்ல பி.எச்.சி.2.சிஸ். (phc2sys) என்ற இன்னொரு நிரலும் ஓட வேண்டும்.

மணி துல்லியமாக 37 விநாடி தள்ளிக் காட்டுகிறது. என்ன கோளாறு?

கோளாறு கடிகாரத்தில் இல்லை. பி.டி.பி. வழக்கமாக டி.ஏ.ஐ. என்ற அணு நேரத்தைக் கொண்டுசெல்கிறது, அதில், பூமியின் சுழற்சிக்கு ஏற்ப அவ்வப்போது சேர்க்கும் லீப் விநாடி கிடையாது. உலகப் பொது நேரமான யூ.டி.சி.யைவிட அது 37 விநாடி முந்தியிருக்கிறது. கடைசி லீப் விநாடி 2016 டிசம்பர் இறுதியில் சேர்க்கப்பட்டது. மூலக் கடிகாரம் அந்த வித்தியாசத்தைச் சொல்லவில்லை, அல்லது வாங்கும் நிரல் கழிக்கவில்லை. 18 விநாடி தள்ளியிருந்தால் ஜி.பி.எஸ். நேரத்தை யூ.டி.சி. என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

செல்போன் கோபுரத்துக்கு ஏன் இவ்வளவு துல்லியம் கேட்கிறார்கள்?

இரண்டு தேவைகள். முதலாவது வேகம்: பெரிய கோபுரத்தின் ரேடியோ அலைவரிசை 0.05 பிபிஎம்முக்குள் நிற்க வேண்டும். 1,800 மெகாஹெர்ட்ஸில் அது 90 ஹெர்ட்ஸ். இதற்கு சிங்க்-ஈ போதும்.

இரண்டாவது மணி. டி.டி.டி. வகையில் கோபுரமும் போனும் ஒரே அலைவரிசையில் மாறி மாறிப் பேசுகின்றன. இந்தியாவில் 2022இல் 5ஜிக்காக ஏலம் விட்ட 3,300 மெகாஹெர்ட்ஸ் பட்டை இந்த வகைதான். பக்கத்துக் கோபுரம் பேசத் தொடங்கும்போது இந்தக் கோபுரம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தால், போனின் மெல்லிய குரலைக் கோபுரத்தின் உரத்த குரல் அமுக்கிவிடும். அதனால் ஒவ்வொரு கோபுரமும் பொது மணியிலிருந்து 1.5 மைக்ரோ விநாடிக்குள் இருக்க வேண்டும். அதில் நெட்வொர்க்குக்கு ஒதுக்கியது 1.1 மைக்ரோ விநாடி. ஃபைபரில் ஒளி கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 5 மைக்ரோ விநாடி எடுக்கும். போகும் இழைக்கும் வரும் இழைக்கும் 200 மீட்டர் நீள வித்தியாசம் இருந்தால் அரை மைக்ரோ விநாடி பிழை, ஒதுக்கீட்டில் பாதி காலி. அறுந்த ஃபைபரை ஒட்டும்போது ஓர் இழையை மட்டும் வேறு வழியாகச் சுற்றிவிட்டால் இப்படித்தான் ஆகும். இணைப்பு நன்றாக இருக்கும், டேட்டா ஓடும், மணி மட்டும் சாய்ந்திருக்கும்.

ஒவ்வோர் இடத்திலும் ஒரு ஜி.பி.எஸ். ஆன்டெனா வைத்துவிட்டால் இந்தத் தலைவலியே இல்லையே?

வானம் தெரியும் இடத்தில் அது நல்ல வழி, பலர் செய்கிறார்கள். அடித்தளம், சுரங்க ரயில், உயரக் கட்டடங்களுக்கு நடுவில் உள்ள சந்து ஆகியவற்றில் சிக்னல் கிடைக்காது. ஜாமர் வைத்தால் ஒரு வட்டாரமே இழக்கும். சிக்னல் போன பிறகு உள்ளே உள்ள ஆசிலேட்டர் தாக்குப்பிடிக்க வேண்டும். ஒரு முழு நாளில் 1.5 மைக்ரோ விநாடிக்கு மேல் நழுவக் கூடாது என்றால் வேகப் பிழை 10,000 கோடியில் இரண்டு பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும். அது ரூபிடியம் கடிகாரத்தின் வேலை. அதனால் ஜி.பி.எஸ்.ஸும் பி.டி.பி.யும் ஒன்றுக்கொன்று துணையாக வைக்கப்படுகின்றன.

எனக்கு சர்வர் லாக் நேரங்கள் பொருந்தினால் போதும். இதெல்லாம் வேண்டுமா?

வேண்டாம். என்.டி.பி. போதும். இந்தியாவில் உள்ள நிறுவனம் என்றால், நாட்டின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவைப் பாருங்கள். தேசியத் தகவலியல் மையம் (என்.ஐ.சி.) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் என்.டி.பி. சர்வர்களோடு, அல்லது அவற்றை மூலமாகக் கொண்ட சர்வர்களோடு ஒத்திசைக்கச் சொல்கிறது.

ஒலி அவ்வப்போது "டிக்" என்று வெட்டுகிறது. கடிகாரமா, நெட்வொர்க்கா?

கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு இடைவெளியைக் குறித்துக்கொள்ளுங்கள். 6 நிமிடம் 40 விநாடிக்கு ஒருமுறை, நாள் முழுக்க, நெரிசல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே சீராக வந்தால் கடிகாரம். 20 மில்லி விநாடிப் பாக்கெட்டை 50 பிபிஎம்மால் வகுத்தால் வருவது அந்த 400 விநாடிதான். நீங்கள் அளந்த இடைவெளியைக் கொண்டு திருப்பிக் கணக்குப் போட்டால் எத்தனை பிபிஎம் என்று தெரிந்துவிடும். மாலை நேரத்தில் மட்டும், ஒழுங்கில்லாமல் வந்தால் நெட்வொர்க் நெரிசல். பஃபரைக் கூட்டிப் பாருங்கள்: டிக் காணாமல் போனால் நெரிசல்தான். கடிகாரம் என்றால் முதல் டிக் தாமதமாக வரும், பிறகு பழைய இடைவெளியிலேயே தொடரும்.

சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். ஜி.பி.எஸ். மூலக் கடிகாரம் வாங்க வேண்டுமா?

தேவையில்லை. உள்ளே உள்ள கருவிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போனால் போதும், உலக நேரத்தோடு அல்ல. எல்லாக் கருவிகளும் சேர்ந்து 20 பிபிஎம் வேகமாக ஓடினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. வெளியிலிருந்து நேரலை ஊட்டம் வாங்கினால் மட்டும், நுழைவாயிலில் ஒரு ரீசாம்பிளர் வையுங்கள்.

ஆனால் யார் தலைமைக் கடிகாரம் என்பதைத் தானாக முடிவாக விடாதீர்கள். பி.டி.பி. கருவிகள் தங்களுக்குள் தேர்தல் நடத்தும். எல்லாவற்றிலும் முன்னுரிமை எண் தொடக்கத்தில் 128 ஆக இருந்தால், கடைசியில் முகவரி எண் சிறியது என்ற காரணத்துக்காகவே யாராவது கொண்டுவந்த லேப்டாப் தலைமைக்கு வந்துவிடும். அதை மூடி எடுத்துப்போகும்போது தலைமை மாறும், ஒலியில் ஒரு குலுங்கல் வரும். எப்போதும் மின்சாரத்தில் இருக்கும் நல்ல கருவி ஒன்றுக்கு 10, அதற்கு மாற்றாக இன்னொன்றுக்கு 20 என்று சிறிய எண் கொடுங்கள். இரண்டையும் ஒரே யூ.பி.எஸ்.ஸில் செருகாதீர்கள்.